வீட்டு குளுக்கோமீட்டர்: சர்க்கரை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எவ்வளவு தூரம் நம்பலாம்?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி, ஒரு டப்பா ஸ்ட்ரிப், விரலில் குத்த ஒரு பேனா, அதற்கான ஊசிகள். குளுக்கோமீட்டர் பெட்டியைத் திறந்தால் இவ்வளவுதான். இதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சர்க்கரை நோய் உறுதியானவர்கள். மருந்தும் சாப்பாடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வாங்குகிறார்கள். கருவியும் அந்த வேலைக்காகத்தான் செய்யப்பட்டது. இந்த மதிப்புரையில் கேள்வி வேறு. சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒருவர், உடம்பில் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்பட்டு இதை வாங்கினால் பிரயோஜனம் உண்டா?

உண்டு, ஆனால் ஒரு பக்கம் மட்டும். மீட்டர் அதிகமாகக் காட்டினால் அதை நம்பி ஆய்வகத்துக்குப் போகலாம். எல்லாம் சரி என்று காட்டினால் அதை நம்பி நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அறிகுறிகள் எந்த அளவில் தெரிய ஆரம்பிக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி வரும்போது சர்க்கரை எங்கே இருக்கும்

அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், காரணமில்லாமல் எடை குறைவது. சர்க்கரை நோய் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இந்த மூன்றும்தான். ஆனால் இவை தாமதமாக வருபவை. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தாழ 180 மி.கி. (ஒரு டெசிலிட்டருக்கு, கீழே எல்லா எண்களும் இதே அளவில்தான்) தாண்டும்வரை சிறுநீரகம் அதைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். அதற்கு மேல் போனால் பிடிக்க முடியாமல் சிறுநீரில் விடும். அந்தக் குளுக்கோஸ் தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழ வேண்டியிருக்கிறது. தாகம் அதன் பின்விளைவு. சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று பெரியவர்கள் சொல்வதும் இதே கணக்குதான்.

நோய் என்று சொல்வதற்கான எல்லை வெறும் வயிற்றில் 126. அறிகுறி தெரியும் எல்லை சுமார் 180. நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில் வருடக்கணக்காக ஒருவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடலாம். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் சர்க்கரை நோயுள்ள 53.7 கோடி பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

அந்த இடைவெளியில் உடம்பு சில தடயங்களை விடத்தான் செய்கிறது. கவனிக்க வேண்டிய இடம் பின்கழுத்து. தோல் மடிப்பில் அழுக்கு படிந்த மாதிரி கருமை, தொட்டால் வெல்வெட் போல மெத்தென்று தடிப்பு. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை. இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்காதபோது, கணையம் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின் தோல் செல்களை வளரத் தூண்டுவதால் வருவது. அக்குளிலும் தொடை இடுக்கிலும்கூட இருக்கலாம். சர்க்கரை ஏறுவதற்கு முன்பே வரக்கூடிய அடையாளம் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். கண்ணாடி முன்னால் நின்றால் தெரியாது. வேறொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பார்வை மங்குவது இன்னொன்று. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மங்கலாகவும் மாறி மாறி வந்தால் சர்க்கரையைச் சந்தேகிக்கலாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸுக்குள் நீர் அளவு மாறி அதன் வளைவும் மாறுகிறது. இந்த நிலையில் கண்ணாடிக்கு பவர் பார்த்து வாங்கினால், சிகிச்சை ஆரம்பித்துச் சில வாரங்களில் அந்தக் கண்ணாடி பொருந்தாமல் போய்விடும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகு பவர் பார்ப்பதே சரி.

பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் பலர் வெளியே சொல்லக் கூச்சப்படும் அறிகுறி. பெண்களுக்கு வெள்ளைப்படுதலோடு அரிப்பு, ஆண்களுக்கு முன்தோலில் சிவப்பும் வெடிப்பும். களிம்பு போட்டால் அடங்கி, நிறுத்தினால் திரும்ப வருகிறது என்றால் களிம்பை மாற்றுவதற்கு முன் சர்க்கரையைப் பார்ப்பது நல்லது. அடிக்கடி கட்டி வருவது, புண் ஆற நாளாவது, ஈறு வீங்கி ரத்தம் கசிவது எல்லாம் இதே வரிசையில் வரும்.

பாதத்தில் எரிச்சல், மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால், இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரு காலில் மட்டும் இருந்தால் முதுகெலும்பு நரம்பு அழுத்தம் போன்ற வேறு காரணத்துக்கே வாய்ப்பு அதிகம். இரண்டிலும் சமமாக இருந்தால் சர்க்கரை முதல் சந்தேகம். வைட்டமின் பி12 குறைவும் இப்படியே காட்டும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பரிசோதிப்பார்கள்.

மீட்டர் சொல்லும் எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு

குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 15197. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்வது இது: அளவு 100க்கு மேல் இருந்தால் நூறில் 95 அளவீடுகள் ஆய்வக மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 100க்குக் கீழே என்றால் 15 மி.கி.க்குள். கேட்க நன்றாக இருக்கிறது. நம் கேள்விக்குப் பொருத்திப் பார்த்தால்தான் சங்கடம் தெரியும். ஒருவருடைய உண்மையான அளவு 126 என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் 108 காட்டினாலும் தரத்துக்கு உட்பட்டதே, 144 காட்டினாலும் உட்பட்டதே. முதல் எண்ணைப் பார்த்தவர் ‘பார்டரில் இருக்கிறது, பரவாயில்லை’ என்பார். இரண்டாவதைப் பார்த்தவர் பதறிவிடுவார். இரண்டு பேருக்கும் ரத்தத்தில் இருப்பது ஒன்றுதான்.

ஏற்கெனவே நோயுள்ளவருக்கு இது பெரிய குறையே இல்லை. அவருக்கு வேண்டியது 110ஆ 250ஆ என்ற வித்தியாசம். அதை மீட்டர் சொல்லிவிடும். 118க்கும் 128க்கும் நடுவே கோடு போட வேண்டியவருக்குத்தான் கருவி கைவிடுகிறது. எந்த மருத்துவ அமைப்பும் வீட்டு மீட்டரை வைத்து நோயை உறுதிசெய்வதை ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு சிக்கல், எப்போது பார்க்கிறோம் என்பது. பெரும்பாலோர் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை பார்த்து, 98 வந்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள். ஆனால் நிறையப் பேருக்கு முதலில் ஏறுவது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை. வெறும் வயிற்று அளவு நல்ல பிள்ளையாக இருக்கும்போதே சாப்பிட்ட பின் 200ஐத் தொடலாம். பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் எடுப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்: காலை அளவு சுத்தமாக இருக்கும், மதியத்துக்கு மேல் எகிறும்.

அதனால் சந்தேகத்துக்காகப் பார்ப்பவர்கள் வேறு வேறு நாட்களில் இரண்டு தடவை வெறும் வயிற்றிலும் (கடைசியாகச் சாப்பிட்டு 8 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்), இரண்டு தடவை வழக்கமான பெரிய சாப்பாட்டுக்குப் பிறகும் பார்ப்பது நல்லது. சாப்பாட்டுக்குப் பின் என்றால் முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. பரிசோதனைக்கு என்று அன்று மட்டும் பத்தியம் இருந்தால் கிடைப்பது பொய்யான எண்.

வெறும் வயிற்றில் 100க்கு மேலோ, சாப்பிட்ட பின் 140க்கு மேலோ ஒரு தடவை வந்தாலும் ஆய்வகப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிடலாம். வெறும் வயிற்றில் 126ஐயோ சாப்பிட்ட பின் 200ஐயோ தொட்டால் அந்த வாரத்துக்குள். 200க்கு மேல் வந்து கூடவே தாகமும் எடைக்குறைவும் இருந்தால் மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். சாப்பிட்ட பின் விரல் நுனி ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ், கையில் ரத்த நாளத்திலிருந்து (சிரை) எடுக்கும் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனவே மீட்டரில் 205 பார்த்தவருக்கு ஆய்வகத்தில் 175 வந்தால் யாரும் ஏமாற்றவில்லை. 175ம் சும்மா விடக்கூடிய எண் இல்லை.

தப்பு நடக்கும் இடங்கள்

மீட்டர் மீது வரும் புகார்களில் கணிசமானவை கைமேல் போட வேண்டிய புகார்கள். பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் சாறு துளி ரத்தத்தோடு கலந்து எண்ணை எங்கேயோ கொண்டுபோய்விடும். ஸ்பிரிட் பஞ்சு அந்தச் சர்க்கரையை முழுசாகத் துடைக்காது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும், ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து அளவு குறைந்து காட்டும். கழுவ வழியே இல்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுக்கலாம்.

குத்த வேண்டியது விரல் நுனியின் பக்கவாட்டில். நட்ட நடுவில் நரம்பு முனைகள் அதிகம், வலியும் அதிகம். கையைச் சற்று நேரம் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி நீவினால் ரத்தம் தானாக வரும். நுனியைப் பிடித்துப் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வந்து அளவைக் கெடுக்கும். துளியை ஸ்ட்ரிப்பின் மேல் தடவாமல், அதன் விளிம்பை துளியில் தொடவைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். இப்போதைய ஸ்ட்ரிப்புகளுக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம் போதும், ஐந்து நொடி அளவில் எண் வந்துவிடும். ரத்தம் போதவில்லை என்று பிழை காட்டினால் அந்த ஸ்ட்ரிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு புதிது எடுப்பதே நல்லது. மேலும் ஒரு துளி சேர்ப்பதைப் பெரும்பாலான ஸ்ட்ரிப்புகள் ஏற்காது.

ஸ்ட்ரிப்பில் பூசியிருப்பது ஒரு நொதி. ஈரமும் சூடும் அதற்கு எதிரி. டப்பாவின் மூடியிலோ சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பார்கள், அதனால் ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. ஒன்றை எடுத்ததும் உடனே மூட வேண்டும். குளியலறை, அடுப்பங்கரை, ஃப்ரிட்ஜ், வெயிலில் நிற்கும் வண்டி எதுவும் வேண்டாம். டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி திறக்காத டப்பாவுக்கு. திறந்த பின் தயாரிப்பைப் பொறுத்து மூன்று மாதமோ ஆறு மாதமோ தாங்கும் என்று உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும். சந்தேகத்துக்காக நான்கைந்து தடவை பார்க்கப்போகிறவர் 100 ஸ்ட்ரிப் சலுகைக்கு மயங்க வேண்டியதில்லை. கிடைக்கும் சிறிய டப்பாவே சரி.

ரத்தசோகை இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பணு குறைவாக இருந்தால் பல மீட்டர்கள் அளவைக் கூட்டிக் காட்டும். சிவப்பணு அடர்த்தி அதிகமானால் குறைத்துக் காட்டும். அதிக அளவு வைட்டமின் சி, குறிப்பாக ஊசி மூலம் ஏற்றியிருந்தால், அதுவும் பொய்யாகக் கூட்டும்.

மீட்டர் வாங்கும்போது மூன்று விஷயம் பார்த்தால் போதும் என்பது எங்கள் கணிப்பு. ஐஎஸ்ஓ 15197:2013 என்று பெட்டியில் இருக்கிறதா? ஒவ்வொரு ஸ்ட்ரிப் டப்பாவுக்கும் கோட் எண் போட வேண்டிய பழைய வகையா, தானே புரிந்துகொள்ளும் வகையா? (பின்னதையே எடுங்கள், கோட் மாறினால் எண் தவறும், தவறியது தெரியவும் தெரியாது.) அதற்கான கன்ட்ரோல் சொல்யூஷன் தனியாகக் கிடைக்கிறதா? இது குளுக்கோஸ் அளவு தெரிந்த ஒரு திரவம். ஒரு சொட்டு வைத்தால் வரும் எண், ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும். பல பெட்டிகளில் இதை வைக்காமலே விற்கிறார்கள், அது நியாயமில்லை. ப்ளூடூத், செயலி, வண்ணத் திரை எல்லாம் அலங்காரம். திரையில் 6.4 போல தசம எண் வந்தால் பதறவோ மகிழவோ வேண்டாம், அது மில்லிமோல் அளவு. 18ஆல் பெருக்கினால் நம் எண் கிடைக்கும், 6.4 என்றால் 115.

குத்தும் பேனா பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. மீட்டர் வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆசை வரும். ஊசியை மாற்றிவிட்டுப் பேனாவை மட்டும் பகிர்வதும் கூடாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துகள் போதும். ஆளுக்கு ஒன்று என்று ஒரே தடவை பயன்படுத்தித் தானே மூடிக்கொள்ளும் ஊசிகள் கிடைக்கின்றன, குடும்பத்துக்கு அவைதான் சரி.

மற்ற கருவிகள், சுருக்கமாக

சிறுநீரில் தோய்க்கும் ஸ்ட்ரிப் மலிவு, வலியில்லை. ஆனால் சுமார் 180 தாண்டாதவரை அது எதையும் காட்டாது. வயதானவர்களுக்கு அந்த எல்லை இன்னும் மேலே. ‘நெகட்டிவ்’ வந்ததற்கு அர்த்தமே இல்லை என்பதால் இந்தக் காரியத்துக்கு வேண்டாம்.

கையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க அளக்கும் சென்சார் சுவாரசியமானது. அது ரத்தத்தை அளக்காமல் தோலுக்கடியில் உள்ள திசுநீரை அளப்பதால் சில நிமிடங்கள் பின்தங்கியே ஓடும். அந்தப் பக்கமாகப் படுத்தால் அழுத்தத்தில் அளவு குறைந்து காட்டும். ஆரோக்கியமானவர்களுக்கும் சாப்பிட்டதும் சிறிது நேரம் 140ஐத் தாண்டும். அதைத் திரையில் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். இதை வைத்து நோயை உறுதிசெய்யும் வரையறை கிடையாது. குத்தாமல் சர்க்கரை சொல்லும் கைக்கடிகாரம், மோதிரம் என்று விற்பவற்றை அப்படியே ஒதுக்கிவிடலாம். அப்படி எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை

கடைசி முடிவு இங்கேதான். வெறும் வயிற்று பிளாஸ்மா குளுக்கோஸ் 126 அல்லது மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது மேல், ஹெச்பிஏ1சி (சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு) 6.5 சதவீதம் அல்லது மேல். அறிகுறி இல்லாதவருக்கு இவற்றில் இரண்டு முடிவுகள் ஒத்துப்போக வேண்டும், ஒன்று மட்டும் வந்தால் அதையே மறுபடி எடுப்பார்கள். அறிகுறிகள் தெளிவாக இருந்து, எந்த நேரத்திலாவது எடுத்த அளவு 200ஐத் தொட்டால் அது ஒன்றே போதும்.

ஹெச்பிஏ1சிக்குப் பட்டினி தேவையில்லை, இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது என்பதால் எல்லோரும் விரும்புகிறார்கள். அது சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்ற கணக்கின்மேல் நிற்பது. இரும்புச்சத்துக் குறைவில் பொய்யாகக் கூடும். ரத்தம் இழந்தவர், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர், சிவப்பணு சீக்கிரம் அழியும் நோயுள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்குப் பொய்யாகக் குறையும். இவர்கள் குளுக்கோஸ் பரிசோதனையைத்தான் நம்ப வேண்டும்.

வெறும் வயிற்று ரத்தத்தில் யாரும் கவனிக்காத ஒரு ஓட்டை உண்டு. குழாயில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடு இருந்து குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை. சாம்பல் நிற மூடியுள்ள ஃப்ளோரைடு குழாய் அதைத் தடுக்கத்தான், ஆனால் அதுவும் முழு வேகம் பிடிக்க ஒன்றிரண்டு மணி நேரமாகும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, பல வீடு சுற்றி, மதியம் ஆய்வகம் சேரும் சேவையில் 128 என்பது 118 ஆகிவிட வாய்ப்பிருக்கிறது. எல்லையில் நிற்பவர்கள் நேரில் போய்க் கொடுப்பதே நல்லது. போகும்போது மீட்டரையும் எடுத்துச் சென்று, ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் ஒரு தடவை பாருங்கள். இரண்டு எண்ணும் 15 சதவீதத்துக்குள் இருந்தால் உங்கள் மீட்டர் தேறிவிட்டது.

75 கிராம் பரிசோதனைதான் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் ஏறும் ஆட்களைப் பிடிக்கும், ஆனால் ஒழுங்காகச் செய்தால். முந்தைய மூன்று நாள் வழக்கம்போல் மாவுச்சத்துள்ள சாப்பாடு. பயந்து குறைத்தால் அன்று அளவு பொய்யாக ஏறும். 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார வேண்டும். நடக்கப் போவதும் புகைப்பதும் முடிவைக் கெடுக்கும். நடுவில் வாந்தி வந்தால் அன்றைய பரிசோதனை செல்லாது.

மீட்டர் திரையில் எண்ணுக்குப் பதில் ‘ஹெச்ஐ’ என்று வந்தால், பெரும்பாலான கருவிகளில் 600க்கு மேல் என்று பொருள். கையைக் கழுவி உடனே இன்னொரு ஸ்ட்ரிப்பில் பாருங்கள். மறுபடியும் அதுவே வந்தாலோ, 300க்கு மேல் எண்ணோடு வாந்தி, மூச்சு வாங்குதல், மயக்கம், குழப்பமான பேச்சு இருந்தாலோ ஆய்வகத்துக்கு நாள் பார்க்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

ஆய்வகம் எல்லாம் சரி என்று சொன்னால் மூன்று வருடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கும் அதிகபட்சம் அதே இடைவெளிதான். வெறும் வயிற்றில் 100 முதல் 125, அல்லது ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் வருடம் ஒரு தடவை. அப்போது மீட்டரை வெளியே எடுக்கிறவர்கள் முதலில் ஸ்ட்ரிப் டப்பாவின் தேதியைப் பார்க்கட்டும். அநேகமாகக் குப்பைக்குத்தான் போகும்.